பென்குயின் கடையில் சின்னக்கிளி

ஃபோர்ம் என்று ஒன்றைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை நடுங்கும். சொந்தப் பெயரை எழுதினால் வரிக்காரன் வருவான், இமிக்ரேஷன்காரன் வருவான், ஒருவரும் வராவிட்டால் வாக்கியூம் கிளீனர் விற்கிறவனாவது வருவான். கடையில் இலவசக் குலுக்கலுக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரன் பெயரைப் போட்டுவிட்டு, பரிசு விழுந்தால் அவனிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று யோசிக்கிற கூட்டம் நாங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தெரிவு நடந்தால் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தவுடன் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே இரவில் செத்துப்போகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அப்பார்ட்மெண்டில் நான், மனைவி தேவகி, அவளுடைய தங்கை சுகந்தி என்று மூன்று பேர் இருந்தோம். எனக்குப் போத்தல் மூடி செய்யும் ஃபக்டரியில் இரவு வேலை. ஆனால் நான் மூடிக்காரன் மட்டுமல்ல. மாலை வகுப்பில் படித்துக் கம்ப்யூட்டர் சேர்ட்டிஃபிக்கட் ஒன்றும் எடுத்திருந்தேன். அதைச் சட்டம் போட்டுக் கலியாணப் படத்துக்கு மேலே மாட்டியிருந்தேன். (கீழே இறக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு தரம் உத்தரவு வந்தது.) அந்தச் சேர்ட்டிஃபிக்கட்டின் பலத்தில், மகேசன் அண்ணை நடத்திய இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் வாராவாரம் கம்ப்யூட்டர் பற்றி எழுதிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு நாள் மகேசன் அண்ணை கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு பெரிய விளம்பரம் வந்திருக்கு. இன்ரநெற்றிலை பிங்கோவும் சிலொட் மெஷினும் விளையாடுற இடமாம். முழுப்பக்கம், கலர். உது நம்பக்கூடின இடமோ எண்டு நீர் ஒருக்கால் உள்ளுக்கை போய்ப் பாத்து எழுதித் தாரும்.”

“நம்பேலாது எண்டால்?”

“நம்பேலாது எண்டு எழுதும். நான் யோசிக்கிறன்.”

(அவர் யோசித்த விதத்தைப் பிறகு சொல்கிறேன்.)

அதே நேரத்தில்தான் வீட்டில் சுகந்தியின் கலியாணம் பேசிக்கொண்டிருந்தது. பெடியன் ரவீந்திரன். விட்பி நகரத்தில் புது வீடு, தாயோடு இருக்கிறான், ஒவ்வொரு நாளும் ரெயினில் டவுன்டவுனுக்குப் போய் வருகிறான். சாத்திரம் பார்த்துச் சாதகமும் பொருந்திவிட்டது. எழுத்துக்கு, அதாவது கலியாணப் பதிவுக்கு, நாள் வைக்கவேண்டியதுதான் மிச்சம். அதற்கு முதல் வந்த சம்பந்தம் ஒன்று யாரோ சொன்ன கதையால் குழம்பிப்போய், சுகந்தி ஒரு மாதம் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. இந்தத் தரம் பெடியனின் படம் வந்த நாளிலிருந்து குளியலறையில் பாட்டுக் கேட்டது. பெட்டைக்குப் பெடியனைப் பிடித்துவிட்டது என்று அதில் விளங்கியது.

இனி என் ஆராய்ச்சி. கம்ப்யூட்டரும் ரெலிஃபோனும் ஒரே மேசையில், ஒரே லைனில் இருந்தன. மோடம் பூனையைத் திருகுகிற மாதிரிக் கத்தி முடித்ததும், திரையில் ஒரு பென்குயின் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னது. பிறகு ஃபோர்மை நீட்டியது. சொந்தப் பெயரை எழுதுகிற ஆளா நான்? சும்மா ஒரு கற்பனை ஆளைப் போட்டேன். போஸ்டல் கோட் பொருந்தவில்லை என்று பென்குயின் தலையை ஆட்டி மறுத்தது. அப்போது ரெலிஃபோனுக்கு மேலே சுவரில் தேவகி ஒட்டியிருந்த துண்டு கண்ணில் பட்டது. ரவீந்திரன், வீட்டு இலக்கம், தெரு, விட்பி, போஸ்டல் கோட். எல்லாம் வடிவான கையெழுத்தில். ஆண்டவனே அனுப்பிவைத்த ஆள். பத்து நிமிட வேலைதானே, பெடியனுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அப்படியே இறக்கினேன்.

அடுத்ததாகப் பென்குயின் ஒரு செல்லப்பெயர் கேட்டது. மற்ற ஆட்டக்காரருக்கு அந்தப் பெயர்தான் தெரியுமாம். ‘சின்னக்கிளி’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். அது தேவகியின் வீட்டுப் பெயர். அவளுடைய தகப்பன் வைத்தது. அவர் யாழ்ப்பாணத்தில். கனடாவில் அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான், அதுவும் அவள் நல்ல மனநிலையில் இருந்தால்.

பத்து நிமிட ஆராய்ச்சி ஒரு மாதம் ஓடியது.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பென்குயின் விளையாட்டுக் காசு இலவசமாகத் தரும். அது கடையில் செல்லாது, கனவில் மட்டும் செல்லும். சிலொட் மெஷினில் அந்தக் காசைப் போட்டு இழுத்தால் செரிப்பழம், செரிப்பழம், செரிப்பழம் என்று மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். மணி அடிக்கும், பென்குயின் ஆடும். ஃபக்டரியில் எனக்கு ஒருவரும் மணி அடித்ததில்லை. பிங்கோ இன்னும் மோசம். அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் எழுத்தில் கதைக்கலாம். சஸ்காச்சுவான் மாகாணத்தில் டொரத்தி என்று ஒரு கிழவி. நான் ஒரு வரிசை அடித்தால் ‘சபாஷ் சின்னக்கிளி’ என்று முதல் ஆளாக எழுதுவாள். எனக்குச் சளி, தடிமன் வந்தபோது என்ன சூப் குடிக்கவேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். மத்தியானம் நித்திரை கொள்ளவேண்டிய நான் கண்ணில் பீளையோடு இருந்து இலக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிடத்திலிருந்து தேவகி ரெலிஃபோன் அடித்தால் லைன் எங்கேஜ்ட்.

“என்னப்பா, ஆரோடை அவ்வளவு நேரம் கதைக்கிறியள்?”

“கதைக்கேல்லையப்பா. ஆராய்ச்சி.”

ஆனால் ஆராய்ச்சியை உண்மையாகவும் செய்தேன், அதைச் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் சீட்டுப் பிடிக்கிற ஆளை எடைபோடுகிற முறையிலேயே பென்குயினையும் எடைபோட்டேன். ஆள் யார், எந்த ஊர், யாருடைய மருமகன்? முகவரியைத் தேடினால் ஏதோ கடலில் ஒரு தீவு, ஒரு தபால்பெட்டி. சீட்டுக்காரன் ஓடினால் மோர்னிங்சைட்டில் அவனுடைய மாமி வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம். பென்குயின் ஓடினால் எந்த மாமியிடம் போவது? இலவசக் காசில் விளையாடும்போது மழையாகக் கொட்டுகிற செரிப்பழம், சொந்தக் காசு போட்டவுடன் கொட்டுமா என்று கேட்டு எழுதினேன். ‘மதிப்புக்குரிய ரவீந்திரன் அவர்களே, உங்கள் அதிர்ஷ்டம் உங்கள் கையில்’ என்று பதில் வந்தது. வென்ற காசை எடுப்பதற்கான விதிகளைத் திரையில் கீழே கீழே இழுத்து வாசித்தேன். காசு உள்ளே போவதற்கு ஒரு வரி. வெளியே வருவதற்கு ஒரு புராணம். ‘சுத்தமாக நம்ப முடியாது, தமிழ் மக்களே விலகி நில்லுங்கள்’ என்று மூன்று பக்கம் காரசாரமாக எழுதிக்கொண்டுபோய் மகேசன் அண்ணையிடம் கொடுத்தேன். (கொடுத்துவிட்டு வந்து இரண்டு ஆட்டம் விளையாடினேன். டொரத்தி தேடுவாள்.)

அவர் கட்டுரையைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா தம்பி, விளம்பரம் போன கிழமையே அச்சுக்குப் போயிட்டுது.”

“அப்ப என்னை ஏன் அண்ணை பாக்கச் சொன்னனீங்கள்?”

“நாளைக்கு ஆரும் கேட்டால், விசாரிச்சுத்தான் போட்டனாங்கள் எண்டு சொல்லலாமல்லோ.”

அவர் யோசித்த விதம் அதுதான். என் மூன்று பக்கமும் இடமில்லாமல் நின்றுவிட்டது. இடத்தைப் பென்குயின் எடுத்துவிட்டது, முழுப்பக்கம், கலரில்.

அந்தக் கிழமைதான் விட்பியிலிருந்து ரவீந்திரனின் தாய் அடித்தார். தேவகி எடுத்தாள். நான் சோபாவில் கிடந்து பாதி நித்திரையில் கேட்டேன்.

“ஓம் அன்ரி... என்ன பார்சல் அன்ரி?... பிங்கோவோ?”

என் நித்திரை முழுக்கப் போய்விட்டது.

ரிசீவரை வைத்துவிட்டுத் தேவகி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. “இஞ்சேருங்கோ, உந்தப் பெடியன் கம்ப்யூட்டரிலை சூதாடுறானாம். ‘இந்த மாதத்தின் மிக விசுவாசமான ஆட்டக்காரர்’ எண்டு பேர் விலாசம் எல்லாம் போட்டுப் பரிசு வந்திருக்காம். அவன் தான் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறானாம். தாய் நம்புறாவில்லை. பிறகு நாங்கள் குறை சொல்லக்கூடாதெண்டு தானாகவே எடுத்துச் சொல்லுறா, பாவம்.”

அறைக்குள் சுகந்தியின் ரேடியோ நின்றது.

இந்த இடத்தில் ஒரு ஆண்மகன் எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நான் எழுந்தேன், அதுவரைக்கும் சரி.

“உது வை-டூ-கே” என்றேன்.

“என்னது?”

“இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினை. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரிலை பேர் எல்லாம் மாறி மாறி விழுகுது. இது தொடக்கம்தான்.”

“அது தை மாசமெல்லோ வரும் எண்டு எழுதினனீங்கள்?”

“விட்பிக்கு முந்தி வந்திட்டுது.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சேர்ட்டிஃபிக்கட்டைப் பார்த்தாள். முதல்முறையாக அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது.

“அப்ப சனிக்கிழமை வாங்கோ. வந்து அவையளுக்கு உதை நீங்களே விளங்கப்படுத்துங்கோ.”

சனிக்கிழமை நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். ‘அத்தான், அது உண்மையா உந்த வை-டூ-கே தானே?’ என்று பின்சீற்றிலிருந்து சுகந்தி ஒருமுறை கேட்டாள். ஹீட்டரைக் கூட்டினேன். ஏற்கனவே வியர்த்துக்கொண்டிருந்தேன்.

விட்பி வீட்டில் பார்சலைக் கோப்பி மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள், நிச்சயத்துக்குத் தட்டு வைக்கிற மாதிரி. பென்குயின் படம் போட்ட ஒரு ரீசேர்ட், ஆகப் பெரிய அளவில். ஒரு கடிதம்: இவ்வளவு காலம் இலவசமாக விளையாடினீர்கள், இனிச் சொந்தக் காசோடு வாருங்கள் என்று. பக்கத்தில் மகேசன் அண்ணையின் பத்திரிகை, முழுப்பக்கப் பென்குயின் மேலே தெரிய. மேசைக்கு அந்தப் பக்கம் ரவீந்திரன், பொலிஸ் பிடித்துவைத்த ஆள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

நான் தொண்டையைச் செருமி, உலகக் கம்ப்யூட்டர்களின் நிலைமையைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு பூச்சியம், நினைவகம், தேதி மாற்றம். ரவீந்திரன் கவனமாகக் கேட்டான்.

“அண்ணை, நான் பாங்கிலை கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டிலைதான் வேலை செய்யிறன். வை-டூ-கே தான் என்ரை வேலையே. அது அப்பிடி இல்லை அண்ணை.”

(சாத்திரம் பார்த்த நாங்கள் பெடியனின் வேலையையும் கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்கலாம்.)

நான் தண்ணீர் கேட்டேன். ஒருவரும் எழும்பவில்லை. அன்ரி பெருமூச்சு விட்டார்.

“தம்பி, சூதெண்டால் நான் பொறுத்துக்கொள்ளுவன். அதுக்கு மேலையும் ஒண்டு கிடக்கு. பிள்ளை தேவகி, உம்மட்டை மறைக்கக்கூடாது. உம்முடைய தங்கச்சியின்ரை வாழ்க்கை.” அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். “பார்சலிலை உதுவும் வந்தது. ஒரு பெட்டையின்ரை பேர் போட்டிருக்கு. இவனுக்கு ஆரோ இருக்கிறாள்.”

“அம்மா, எனக்கு ஒருத்தரும் இல்லையம்மா” என்றான் ரவீந்திரன். அழுவான் போலிருந்தது. சுகந்தி ஏற்கனவே அழத் தொடங்கியிருந்தாள்.

தேவகி கோப்பையைத் தூக்கித் திருப்பினாள். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். நான் விட்பியின் சீலிங்கைப் பார்த்தேன். நல்ல சீலிங், புது வீடல்லவா.

“அன்ரி,” என்றாள் மெதுவாக, “உந்தப் பெட்டை நான்தான்.”

ரவீந்திரன் துள்ளி எழுந்தான். “ஐயோ அக்கா, நான் உங்களை இண்டைக்குத்தானே நேரிலை பாக்கிறன்.” அன்ரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

“சின்னக்கிளி எண்டது என்ரை வீட்டுப் பேர் அன்ரி. கனடாவிலை என்னை அப்பிடிக் கூப்பிடுற ஆள் ஒராள்தான்.”

எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. ஃபக்டரியில் மூடிகள்கூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பியதில்லை.

நான் சொன்னேன். ஃபோர்ம், சுவர்த்துண்டு, போஸ்டல் கோட், எல்லாவற்றையும். டொரத்தியைக்கூட விடவில்லை. முடித்தபோது முதலில் சிரித்தது ரவீந்திரன். அடுத்து சுகந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அன்ரி சிரிக்கவில்லை. எழுத்து எப்போது வைக்கலாம் என்று தேவகியிடம் மட்டும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, உம்மைத்தான் நாங்கள் விசாரிச்சிருக்கோணும்” என்றார். ஆகப் பெரிய அந்த ரீசேர்ட்டை மடித்து என் மடியில் வைத்தார்.

எழுத்து அடுத்த மாதம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்குப் பதிவாளர் என்னிடம் பேனையை நீட்டியபோது, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த ரவீந்திரன் என் காதுக்குக் கிட்டக் குனிந்தான்.

“அண்ணை, உங்கடை சொந்தப் பேர்.”

அது எப்படியோ மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. இன்றைக்கும் நான் எங்காவது பேனையைத் தூக்கினால், செத்தவீட்டு அனுதாபப் புத்தகமாக இருந்தாலும், பின்னாலிருந்து யாராவது அதைச் சொல்லுவார்கள். ரவீந்திரனின் மகளுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் யாழ்ப்பாணத்தாள் மாதிரி வரும்.

கோப்பையை அன்றைக்கே தேவகி கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தன் பெயர்தானே போட்டிருக்கிறது என்றாள். காலையில் அதில்தான் தேத்தண்ணி குடிப்பாள், எழுத்து என் பக்கம் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு. விருந்தாளிகள் வந்து கோப்பையைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்.

“இந்த மனிசன் விசுவாசமா இருக்கிறார் எண்டு எழுத்திலை வந்த ஒரே அத்தாட்சி உதுதான். அதுவும் ஒரு பென்குயினுக்கு.”