இருவாச்சிக்குப் போட்ட குலவை

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. (கூடுதல் இரண்டும் தங்கச்சி பிள்ளைகள். என் கைச் சோறு பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார்கள்.) ஆறு பேரையும் அரட்டி அரட்டி வளர்த்ததில் எனக்கு ஒரு குரல் அமைந்துவிட்டது. போடி சந்தையில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் எப்பேர்ப்பட்ட குரலுக்கும் ஒரு கெட்ட நாள் வரும்.

கடைசி மகள் ஜோதியைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, லீவு நாளில் குருவி வேலை. காடு காடாகப் போய்ப் பறவைகளைப் போட்டோ எடுப்பார். பிடிப்பதில்லை, வளர்ப்பதில்லை, தின்பதும் இல்லை. (பிறகு என்னத்துக்கு என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "பாக்குறதுக்கு அத்தை" என்றார்.) சொந்தக்காரர்களிடம் நான் கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொள்வேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பங்குனியில் ஜோதிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். துணிமணி ஒரு மூலையில் கிடந்தது, மிச்சமெல்லாம் கேமரா. போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தை ஒட்டிய காட்டில், ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை அடைந்திருக்கிறதாம். ஆண் பறவை வந்து பொந்துக்குள் இரை ஊட்டுவதைப் படம் எடுத்துக் கொடுத்தால் அட்டையில் போடுகிறோம் என்று ஒரு பத்திரிகையில் சொல்லியிருந்தார்களாம். மூன்று வருடமாக அலைகிறார், வாய்க்கவில்லை. மறுநாளோடு லீவு முடிகிறது.

"அடுத்த வருசம் கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க அத்தை வரப்போறேன்? நாளைக்கு விட்டா விட்டதுதான்" என்றார்.

"நானும் வர்றேன்" என்றேன்.

மருமகனை வெறும் வயிற்றோடு மலைக்கு அனுப்ப முடியுமா? அது வெளியே சொன்ன காரணம். பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் விட்டுவிட்டுக் குருவி பார்க்கப் போகிறவர் நாளைக்குப் பிள்ளையைப் பார்ப்பாரா என்று கூடவே இருந்து பார்த்துவிட வேண்டும் என்பது சொல்லாத காரணம்.

ஜோதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அங்க பேசக் கூடாது. நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

"ஏன் ஆத்தா, நான் ஏலக்காட்டுல களையெடுத்தவ. காட்டுக்குப் போக எனக்குச் சொல்லித் தர்றியா?"

"நீ ஒரு வார்த்தை பேசுனாலும் அவரு மூணு வருச அலைச்சல் போச்சு."

"ஒத்த வார்த்தை பேச மாட்டேன். சத்தியம். போதுமா?"

விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினோம். மங்கலான நிறத்தில் சேலை கட்டச் சொல்லியிருந்தார் மாப்பிள்ளை. மருமகனோடு முதல்தடவை வெளியே போகிறவள் வெளுத்த சேலையிலா போவாள்? அரக்குச் சேலையே கட்டினேன். அவர் தன் பச்சை மழைக்கோட்டை எடுத்து மேலே மாட்டிவிட்டார். கோட்டுக்குள் நான், என் மடியில் கட்டுச்சோறு, அவர் மடியில் பச்சைத்துணி சுற்றிய கேமரா. எதிரே எங்கள் தெருத் தங்கப்பொண்ணு.

"என்ன மதினி, மாப்ள மடியில துப்பாக்கியா?"

"கேமரா."

"கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பாகளோ?"

"கம்ப்யூட்டர் இன்ஜினீயரு" என்றேன் விறைப்பாக.

"அப்ப அது கம்ப்யூட்டரா?"

ஜீப்பே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் இறங்கி, அவர்கள் களையெடுக்கச் சரிவில் போனார்கள். நாங்கள் மேலே ஏறி, பெரிய மரம் ஒன்றுக்கு எதிரே பச்சை வலையைக் கட்டி அதற்குள் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்றால், வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்தோம். பசித்தது. முறுக்கை எடுத்தேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். கடித்தால் சத்தம் வரும் என்று வாயில் வைத்து ஊறவிட்டு விழுங்கினேன். ஊரே மெச்சுகிற என் முறுக்கை, சுட்டவளே ஊறவைத்துத் தின்றாள். இதற்குமேல் ஒருத்தி என்ன சத்தியம் காப்பாற்ற முடியும்?

அவர் என் காதோடு பேசினார். "பொம்பளப் பறவை உள்ள இருக்கு அத்தை. பொந்து வாயப் பூசி அடைச்சிருக்கும். மூக்கு நுழையிற அளவுக்குத்தான் சந்து."

யார் பூசியது என்று கையால் கேட்டேன்.

"அதுவே உள்ள இருந்து பூசிக்கும். குஞ்சு வளர்ற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் வெளிய வராது. அதுவரைக்கும் ஆம்பளதான் சோறு ஊட்டணும்."

இரண்டு மூன்று மாதம்! எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் எனக்குக் காப்பி போட்டுத் தந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பறவை மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

அப்போது தலைக்கு மேல் ரயில் வருகிற மாதிரி சத்தம். இறக்கைச் சத்தம்தானாம். கறுப்பும் வெள்ளையுமாக, மஞ்சள் மூக்கும் தலையில் மஞ்சள் கொண்டையுமாக, மாலை போட்ட மாப்பிள்ளை போல வந்து உட்கார்ந்தது. சந்து வழியாக ஒரு மூக்கு வெளியே வந்தது. இது தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து ஊட்டியது. கடிந்துகொள்ளவில்லை, அவசரப்படவில்லை. மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவில் விரலை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, தாயின் மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு எட்டிப் பார்த்தது. சின்னது. பிஞ்சு. குஞ்சு!

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் கண்ணில் பட்டால் குலவை போட வேண்டும். யோசித்துப் போடுவதில்லை. தும்மல் மாதிரி, நாக்கு தானாகச் சுழலும். மகள் ஏழு மாதம், எதிரே பச்சைப் பிள்ளை முகம். என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. மலை அதிரக் குலவை போட்டேன்.

இருவாச்சி பழத்தைக் கீழே போட்டுவிட்டுப் பறந்தது. இரண்டு மூக்கும் உள்ளே போயின. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

அத்தோடு போயிருந்தால் சரி. ஒருத்தி குலவை போட்டால் கேட்டவள் பதில் குலவை போடாமல் இருக்கக் கூடாது. சரிவில் களையெடுத்த அத்தனை பெண்களும் போட்டார்கள். எதிர்ச்சரிவுத் தோட்டத்திலும் போட்டார்கள். மலையில் மிச்சமிருந்த பறவைகளும் கிளம்பிப் போயின.

கீழிருந்து தங்கப்பொண்ணு கூவினாள். "மதினீ! என்ன விசேசம்?"

பறவைதான் போய்விட்டதே, இனி என்ன என்று நானும் கூவினேன். "புள்ள பொறந்திருக்குடீ!"

மாப்பிள்ளை வலையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இருங்க மாப்ள, திரும்பி வரும்ல?"

"நாம இங்க இருந்தா வரப் பயப்படும் அத்தை. அதுவரைக்கும் குஞ்சு பசியோட கிடக்கும்" என்றார். "படம் கிடக்குது, விடுங்க."

ஜீப் ரோட்டுக்கு இறங்கி வந்து, தூரத்தில் நின்று பார்த்தோம். அது திரும்பி வந்து பொந்தில் உட்கார்ந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நான் கட்டுச்சோற்றைப் பிரித்து, அவருக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தேன்.

மலையில் போனுக்கு டவர் கிடைக்காத இடமே அதிகம். தங்கப்பொண்ணு களையெடுத்த இடத்தில் கிடைத்திருக்கிறது. நாங்கள் வீடு வந்தபோது வாசல் நிறையச் செருப்பு. சீனி, சோப்பு, குழந்தைப் பவுடர் என்று ஆளுக்கொன்று கையில். நடுவில், தள்ளிய வயிற்றோடு ஜோதி.

"எனக்குப் பிள்ளை பொறந்துருச்சாமே?" என்றாள். "நீ ஒரு வார்த்தை பேச மாட்டேன்னியே!"

"பறவை இருந்த மட்டும் ஒரு வார்த்தை பேசல. மாப்ளையக் கேளு."

"ஆமா ஜோதி, வார்த்தை ஒண்ணும் பேசல" என்றார் மாப்பிள்ளை.

அன்றைக்குக் கேமராவில் விழுந்தது ஒரே ஒரு படம். இருவாச்சி வாயைப் பிளந்துகொண்டு நேராகப் பார்க்கிறது, பழம் அந்தரத்தில் நிற்கிறது. பத்திரிகைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அது இப்போது சென்னை வீட்டு ஹாலில் தொங்குகிறது. யாராவது கேட்டால், "எங்க அத்தை சத்தத்தைக் கேட்ட முகம்" என்பார் மாப்பிள்ளை.

தெருவில் இன்றைக்கும் எங்கே குலவை கேட்டாலும், "மனுசப் பிள்ளையா, பறவைப் பிள்ளையா?" என்று கேட்கிறார்கள். அதாவது பரவாயில்லை. ஜோதிக்கு நிஜமாகவே வலி வந்து பிள்ளை பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று தங்கப்பொண்ணுக்குப் போன் போட்டேன். "இது எந்த மரத்துல மதினி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் வரைக்கும் ஒரு சோப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளைதான் இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறது. எழுதிட்டியா இனியா? எங்க, முதல்ல இருந்து வாசி, கேப்போம். உங்க அப்பாவுக்காக எதையும் மாத்தியிருக்கக் கூடாது. குலவை வர்ற இடத்துல மட்டும் மெதுவா வாசி ஆத்தா, சன்னல்ல சிட்டு ஒண்ணு உக்காந்திருக்கு.