அமிர்தவள்ளிக்குச் சர்க்கரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி உண்ட மயக்கத்தில், நான் பெண்ணாக மாறுவது என்று தீர்மானித்தேன்.

பயப்படாதீர்கள். ஒரே ஒரு நாளைக்குத்தான்.

முதல் காரணம் டிவியில் ஓடிய படம். பிழைக்க வழியில்லாத நடிகன் ஒருவன் பொம்பளை வேஷம் போட்டு ஊரையே ஏமாற்றுகிற பழைய சிரிப்புப் படம். எங்கள் வீட்டில் அதன் வசனம் சுவருக்குக்கூட மனப்பாடம். என் மனைவி சோபனாதான் அன்றைக்கு அதைத் தேடிப்பிடித்துப் போட்டாள். "இந்த மாதிரி இப்ப யாருங்க நடிக்கிறாங்க?" என்று என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு வேறு.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் கட்டி விசில் வாங்கியவன். சும்மா இருப்பேனா?

"இந்த அன்பரசன் வேஷம் போட்டா கட்டின பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது!"

"ஓஹோ" என்றாள். அவ்வளவுதான். அந்த 'ஓஹோ'வில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த காரணம், அன்று சாயங்காலம் அவள் மாடி வீட்டு பக்ருன்னிசாவிடம் போனில் பேசிய ரகசியம். தெருவுக்கே கேட்கிற ரகசியம்.

"சனிக்கிழமை மண்டபத்துல... லேடீஸ் மட்டும்தான். மனசுல இருக்கறதெல்லாம் கொட்டிடலாம்... இவருக்கா? மூச்! தெரியவே கூடாது."

என்ன கொட்டப்போகிறாள் என்று நானே போய்க் கேட்டாக வேண்டும். என்னைப் பற்றிக் கொட்ட அவளிடம் லாரி லோடு இருந்தது. லோடின் உச்சியில் இருந்தது என் கால் புண். கட்டைவிரலில் சின்னப் புண்தான், மாசக்கணக்கில் ஆறவில்லை. தாகம் ஜாஸ்தி, எடை கம்மி. தினம் தின்கிற மக்கன்பேடா இனிப்பு மட்டும் குறையவில்லை. "ஒரே ஒரு தடவ சுகர் பாத்துட்டு வரலாம், வாங்க" என்று தினமும் கெஞ்சினாள். நான் அசையவில்லை. என் அண்ணனுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் ஒரு காலை எடுத்தார்கள். கண்டுபிடித்ததால்தான் எடுத்தார்கள் என்பது என் கட்சி. பார்த்தால்தானே இருக்கும்? போதாக்குறைக்கு, ஊசியைப் பார்த்தால் எனக்குக் கால் இரண்டுமே இருக்காது.

சனிக்கிழமை. ஓவர்டைம் என்று சொல்லிக் கிளம்பி டீக்கடையில் பதுங்கினேன். சோபனா போனதும் வீட்டுக்குள் பாய்ந்தேன். மீசையை எடுத்தேன். கண் கலங்கியது, கல்யாணத்துக்கு முந்தைய உறவு அது. பீரோவைத் திறந்தால் மேலாகவே ஒரு நூல் சேலை. ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியது. கலைஞனுக்கு உடம்பும் ஒத்துழைக்கிறது என்று மகிழ்ந்தேன். நாடக டோப்பா, பெரிய பொட்டு, மூக்குக்கண்ணாடி. பெயர் அமிர்தவள்ளி. ஊர் பள்ளிகொண்டா. ஆட்டோக்காரர் "பாத்து எறங்கும்மா" என்றபோது எனக்கு விருதே கிடைத்த மாதிரி இருந்தது.

மண்டப வாசலில் பேனர்: 'பெண்களுக்கு மட்டும் இலவச சர்க்கரை நோய் பரிசோதனை முகாம்.'

அப்படியே திரும்பினேன். பின்னால் பக்ருன்னிசா தெருக் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அரே, எங்கக்கா போறீங்க? உள்ள வாங்க!"

இன்னொரு கை என் கையைப் பிடித்தது. சோபனா!

"ஊருக்குப் புதுசாக்கா? பேரு இன்னா?"

"அமி... அமிர்தவள்ளி. பள்ளிகொண்டா" என்று கீச்சிட்டேன்.

"என் கூடவே நில்லுங்கக்கா."

கட்டின பொண்டாட்டிக்கே தெரியவில்லை! எனக்குள் இருந்த நடிகன் ஜெயித்துவிட்டான். நோயாளிதான் வரிசையில் மாட்டிக்கொண்டான்.

டாக்டர் ஹஃப்ஸா சின்னப் பெண். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எத்தன கொழந்தைங்கம்மா?"

"ஒண்ணுங்க."

"சுகப்பிரசவமா, ஆபரேஷனா?"

"தெரியலீங்க. நான் வெளிய நின்னுட்டிருந்தேன்."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"சரி, விரல நீட்டுங்க."

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்தேன்.

"பயமாக்கா?" என்றாள் சோபனா. "எங்க வீட்டுக்காரருதான் ஊசின்னா ஓடுவாரு. பாவம், ஆம்பள. நாம அப்படியா?"

மறுத்தால் வேஷம் கலைந்துவிடும். நீட்டினேன். குத்தினார்கள்.

"முன்னூத்தி நாப்பது!" என்றார் டாக்டர். "பேருக்கேத்த மாதிரி ரத்தத்துல அமிர்தமா ஓடுதேம்மா. அப்படி இன்னாதான் சாப்பிடறீங்க?"

"மக்கன்பேடா" என்றாள் சோபனா. சட்டென்று, "மாதிரி ஏதாச்சும் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

டாக்டர் காலைப் பார்த்தார். புண்ணைத் துடைத்தார், அழுத்தினார், கட்டினார். எனக்கு அண்ணனின் ஊன்றுகோல் கண்முன் வந்து நின்றது. நடிப்பெல்லாம் மறந்துபோனது.

"நல்லவேளை வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா பேஜாராயிருக்கும். மாத்திரை, நடை, வாயக் கட்டணும். காலக் காப்பாத்திடலாம்."

"நெசமாவா டாக்டர்? காலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

கேட்டது நான் இல்லை, சோபனா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன்பின் தெரியாத ஒரு அக்காவுக்காக இவ்வளவு இரக்கமா என்று நான் வியந்தேன். என் மூளை அவ்வளவுதான்.

பையில் கொண்டுபோயிருந்த பேண்ட் சட்டைக்கு மாறி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

"மீசை எங்கங்க?"

"கட்டிங் மெஷின்ல மாட்டிக்கிச்சு."

"அடடா. சாப்பிட வாங்க."

தட்டில் சோறு இல்லை. கேழ்வரகுக் களி, கீரை. பக்கத்தில் ஒரு மாத்திரை.

"இது யாருக்கு?"

"பள்ளிகொண்டா அக்காவுக்குக் குடுத்தாங்க. மறந்துட்டுப் போய்ட்டாங்க. வீணாக்கக் கூடாது, முழுங்குங்க."

முழுங்கினேன். தண்ணீரும் குடித்தேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்தது.

"எப்பலருந்து தெரியும்?"

"அந்த ஜாக்கெட்ட உங்க அளவுக்குப் பிரிச்சுத் தெச்சதே நான்தானே?"

படம், போன், பீரோவில் மேலாக வைத்த சேலை, எல்லாமே அவள் வைத்த பொறி. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. கெஞ்சிப் பார்த்தும் வராத ஒருவனைச் சேலை கட்டியாவது இழுத்து வந்திருக்கிறாள். அதற்கு முன் எத்தனை ராத்திரி தூங்காமல் யோசித்தாளோ.

இப்போது புண் ஆறிவிட்டது. சர்க்கரை அடங்கிவிட்டது. மீசைகூட வளர்ந்துவிட்டது. காலையில் இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கிறோம். நேற்று நடக்கும்போது வாய்விட்டே சொன்னேன்.

"நீ இல்லன்னா இந்தக் காலு இல்ல சோபனா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"இருக்கட்டும், விடுங்க."

"ஆனா ஒண்ணு ஒத்துக்கோ. உனக்குத் தெரியும், சரி. மண்டபத்துல அத்தன பொம்பளைங்க, ஒரு டாக்டரு. ஒருத்தருக்காச்சும் சந்தேகம் வந்துச்சா? அதான் நடிப்பு!"

சோபனா நின்றாள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"லேடீஸ் முகாம்ல ஆம்பளைய சும்மா விடுவாங்களாங்க? எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி பர்மிஷன் வாங்கித்தான் வெச்சிருந்தேன். கடைசி வரைக்கும் சிரிக்காம இருந்தாங்களே, அவங்கதான் நல்லா நடிச்சாங்க."