பதினாலுக்கு வந்த நாய்

கிளிநொச்சியில் நனைந்த பொருள் எதுவும் ஈரப்பதம் அண்ணையின் விரல் படாமல் காய்ந்ததில்லை. மழைக்கும் வெயிலுக்கும் நடுவே அப்படியொரு அதிகாரி எங்களுக்கு இருந்தார், சம்பளம் இல்லாமல்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. முப்பது வருடம் அரிசி ஆலைகளில் நெல் காயவிட்ட மனிதர். நெல்லுக்குள் விரலை விட்டால் ஈரம் எத்தனை வீதம் என்று சொல்லிவிடுவார். 'பதினாலு' என்றால் மூட்டை கட்டலாம். அதற்கு மேல் என்றால் திரும்பவும் படங்கை விரித்து வெயிலில் பரவ வேண்டியதுதான். ஒருமுறை ஆலை முதலாளி ஈரம் பார்க்கும் மெஷின் வாங்கினார். மெஷினுக்கும் அண்ணையின் விரலுக்கும் ஒன்றரை வித்தியாசம் வந்தது. மெஷினைத்தான் திருத்தக் கொடுத்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அந்த விரல் நெல்லோடு நிற்கவில்லை. கொடியில் தொங்கும் சாறம், புதிதாகப் பூசிய சுவர், கடையில் வாங்கிய பாண், எல்லாவற்றையும் தொட்டு எண் சொல்வார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு, "இருபத்தொண்டு. பெடியனைக் கொஞ்சம் ஃபானுக்குக் கீழ விடுங்கோ, பிறகு தாலியைக் கட்டுவம்" என்றார்.

இவரிடம் நான் போய் மாட்டியது ஒரு நாயால்.

மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போனபோது தன் நாயை என்னிடம் விட்டுப் போனாள். உடம்பு முழுக்கச் சுருள் சுருளாகச் சடை, சிவப்பரிசி மா நிறம். பெயர் இடியப்பம். நான் வேலியடியில் நின்று "இடியப்பம்! இடியப்பம்!" என்று கத்தினால், பக்கத்து வீட்டிலிருந்து "சம்பலும் இருக்கோ?" என்று குரல் வரும். வீட்டுக்குப் பின்னால் இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்கால். இடியப்பம் ஒரு நாளைக்கு நாலு தரம் அதில் குதிக்கும். நான் நாலு தரம் துவாயோடு ஓடுவேன். ஐம்பத்துமூன்று வயதில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அதுதான்.

போகும்போது மகள் ஒரேயொரு சட்டம் போட்டாள். "அப்பா, அவன்ர சடையை வெட்டக் கூடாது. வெட்டினீங்களெண்டா நான் லீவுக்கு வரமாட்டன்."

ஒரு திங்கட்கிழமை, சனிக்கிழமை வருவதாக அறிவித்தாள். அன்றைக்குத்தான் நான் நாயைச் சரியாகப் பார்த்தேன். மூன்று மாதமாக ஹெயார் டிரையர் பிடித்துக் காயவைத்த நாய் வெளியே பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே விரல் போகவில்லை. சடை தோலோடு இறுகிக் கால்மிதி ஆகியிருந்தது. மணமும் நல்லதல்ல. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "முழுக்க வழிச்சு விடுங்கோ, இல்லாட்டித் தோல் பழுதாப் போகும்" என்றார். வழித்தால் மகள் வரமாட்டாள். வழிக்காவிட்டால் நாய்க்கு ஆபத்து. நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வீடியோ அழைப்பில் நாயின் மூக்கை மட்டும் காட்டியது.

"ஏனப்பா மூக்கு மட்டும் தெரியுது?"

"சிக்னல் அவ்வளவுக்குத்தான் எடுக்குது, பிள்ளை."

அடுத்த நாள் காலை, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஈரப்பதம் அண்ணை என் படலையடியில் பிரேக் போட்டார். மூக்கை உயர்த்தினார்.

"புழுங்கின நெல்லு மணக்குது. ஆர் ஈரத்தோட மூட்டை கட்டினது?"

நாயைக் காட்டினேன். சடைக்குள் விரலை நுழைத்துத் தோலைத் தேடிப் பிடித்தார். கண்ணை மூடினார். பிறகு அதே விரலை என் நெற்றியில் வைத்தார்.

"நாய் மேல பதினொண்டு, அடியில முப்பது. நீ முப்பத்தஞ்சு."

"அண்ணை, இது நாய். நெல்லில்லை."

"ஓம், நெல்லு குலைக்காது. மற்றபடி ஈரம் ஈரந்தான்."

அந்த நிமிடத்திலிருந்து என் வீடு அரிசி ஆலை ஆனது. முற்றத்தில் படங்கை விரித்து நாயைக் கிடத்தினார். தேங்காயெண்ணெய் தொட்டு, முடிச்சு முடிச்சாக விரலால் பிரித்து, அதற்குப் பிறகுதான் சீப்பை எடுத்தார். "நனையிறதுக்கு முன்னம் சிக்கெடுக்கோணும், தம்பி. நனைஞ்சாப் பிறகு இழுத்தியெண்டா இறுகும். துவாயால தேய்க்காதை, ஒத்து." பரவிய நெல்லில் காலால் சால் விடுவதுபோலச் சடையை வரிசை வரிசையாகப் பிளந்து தோலுக்குக் காற்றுக் காட்டினார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை "புரட்டு!" என்று கட்டளை வரும். புரட்டுவது நான். நாய் மறுபக்கம் சரிந்து நித்திரை கொள்ளும். எனக்குத்தான் மறுபக்கம் இல்லை.

உச்சி வெயில் ஏறியதும் நிழலுக்கு இழுக்கச் சொன்னார். "இந்த வெயில்ல விட்டா வெடிச்சுக் குறுணலாப் போகும்."

"நாயோ, அண்ணை?"

"நீ."

வீதியால் போன பஸ்ஸிலிருந்து கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணை, உது சம்பாவோ நாட்டரிசியோ?" என்று கத்தினான். அண்ணை சிரிக்கவில்லை. "விதைநெல்லு" என்றார்.

இப்படி நாலு நாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தோலில் விரல் வைத்து, "பதினாலு" என்றார். நான் கதிரையில் விழுந்தேன். எழும்புவதாக உத்தேசம் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகளின் பஸ். எட்டரைக்கு இடியப்பம் வாய்க்காலில் குதித்தது.

நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து "போச்சு" என்று மூன்று தரம் சொன்னேன். என்ன போனது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில், நெல் தூற்றும் பெரிய காற்றாடி பூட்டிய உழவு இயந்திரத்தோடு வந்து இறங்கினார். நாயை முன்னால் நிறுத்தி முடுக்கினார். போன போகத்துப் பதரும் சப்பியும் தூசியும் காற்றாடிக்குள் மிச்சம் இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை. அத்தனையும் ஈர நாயில் ஒட்டி, இடியப்பம் ஒரே நொடியில் தேங்காய்ப்பூத் தூவிய புட்டு ஆனது. நான் தலையில் கை வைத்தேன்.

"முதல் காத்துத் தூசிக்கு. ரெண்டாம் காத்துத்தான் நாய்க்கு. எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய நெற்றியில் விரல் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் பிளக்க, நான் சீவ, காயக் காயச் சப்பி உதிர்ந்தது. திறந்த ஜீப்பில் ஊர்வலம் போகும் அரசியல்வாதி மாதிரி இடியப்பம் கண்ணை மூடிக் காற்று வாங்கியது.

மகள் படலையடியிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இரண்டு கையையும் சடைக்குள் தோல்வரை விட்டாள்.

"அப்பா! ஒரு சிக்கும் இல்லை. நீங்களே செய்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அண்ணை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்து என் நெற்றியில் விரலை வைத்தார். "நாப்பது" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, உழவு இயந்திரத்தில் ஏறிப் போனார்.

அண்ணை இப்போது செட்டிகுளத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே மழை பெய்தால் இங்கே தொலைபேசி அடிக்கும். சுகம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை.

போன கிழமை, இன்னொரு லீவு முடிந்த மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இடியப்பம் வழமைபோல் வாய்க்காலில் இருந்து ஏறி வந்தது. தனியாக ஒத்தி, பிளந்து, புரட்டி முடித்து முதுகை நிமிர்த்தும்போது தொலைபேசி அடித்தது.

"நாய் எத்தினை?"

"பதினாலு, அண்ணை."

அந்தப் பக்கம் மழை கொட்டும் சத்தம் கேட்டது.

"நாய் சரி. உன்ர குரல் இருபதில நிக்குது. பிள்ளை போயிட்டாளோ?"

"ஓம், அண்ணை."

"உடன மூட்டை கட்டாதை. கொஞ்சம் காத்தில இரு" என்றார். "நான் லைன்ல நிக்கிறன்."