முல்லை ஐவரும் டிரம்ஸ் பாயும்

உலகத்தில் எத்தனையோ கச்சேரிக் குழுக்கள் உண்டு. நாலு பேர் விட்டுப் போன பிறகும் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு, ‘நாங்கள் ஐவர்’ என்று மைக்கில் கூசாமல் சொன்ன ஒரே மனிதர் எங்கள் டிரம்ஸ் பாய்தான்.

உத்தமபாளையத்தில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பட்டறையில் யாராவது தகரம் தட்டினால் காதைத் தீட்டிக்கொள்வார். தாளம் பிசகினால் வேலையைப் போட்டுவிட்டுப் போய், சுத்தியலை வாங்கித் தட்டிக் காட்டிவிட்டு வருவார். அந்தத் தகரக்காரர் பொறுக்க முடியாமல் கடையைக் கம்பத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலை மாறுதலாகி நான் அந்த ஊருக்கு வந்தேன். அறையில் கீபோர்டு வாசிப்பதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே பாய் வந்துவிட்டார். ‘முல்லை ஐவர்’ என்ற தன் இன்னிசைக் குழுவில் சேரச் சொன்னார். சேர்ந்த பிறகுதான் நிலவரம் தெரிந்தது. பாடகர் ராஜாமணி தொண்டை கெட்டு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தோடு ஒதுங்கிவிட்டார். கீபோர்டு தாமஸ் கட்டப்பனைக்கு ஏலக்காய் பார்க்கப் போய்விட்டார். கிட்டார்காரர் துபாய்க்கும், தபலாக்காரர் மனைவியின் சொல்லைக் கேட்டு வீட்டுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது பாய் மட்டும்.

ஆள் மாறினால் என்ன, பெயர் மாறக் கூடாது என்பது பாயின் சட்டம். புதிதாக வந்தவன் பழையவரின் பெயரில்தான் மேடையேற வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த செந்தில்தான் எங்கள் பாடகன். மேடையில் அவன் ராஜாமணி. சங்கரநாராயணனாகிய நான் தாமஸ். கிட்டாருக்கும் தபலாவுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இதே கதிதான்.

முதல் கச்சேரி வடுகபட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையேறும்போது பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, திருநீறைக் கொஞ்சம் சின்னதா வச்சுக்கங்க. தாமஸு அம்புட்டுப் பெருசா வைக்க மாட்டாரு.”

சின்னதாக்கினேன். கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, கட்டப்பனையில் இந்த வருஷம் ஏலக்காய் விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். மழை கொஞ்சம் கம்மி என்றேன். என் நெற்றித் திருநீறையும் கறி விழாத இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பாயின் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் பெரிய டிரம்முக்கு மட்டும்தான். நாங்கள் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே கால் மடக்கிக் கிடப்போம். இது நியாயமா என்று செந்தில் ஒருநாள் கேட்டான். மனுஷனுக்கு அடிபட்டால் தானே ஆறிவிடும், டிரம்முக்குத் தோல் கிழிந்தால் மதுரைக்கு ஓட வேண்டும் என்று விளக்கம் சொன்னார் பாய்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. எல்லாம் ஓடைப்பட்டிக் கோயில் திருவிழா வரைக்கும்தான். ராஜாமணியின் சொந்த ஊரிலேயே போய் ராஜாமணி என்று சொல்லிப் பாடினால் வம்பாகிவிடும், வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். பாட்டை விட்ட நாளிலிருந்து அவன் கச்சேரிப் பக்கமே தலை வைப்பதில்லை, தோட்டத்தை விட்டு இறங்கமாட்டான் என்று பாய் அடித்துச் சொன்னார்.

சாயங்காலம் மேடையில் விளக்குப் போட்டார்கள். பாய் மைக்கைப் பிடித்து, வழக்கமான கம்பீரத்தோடு, இப்போது உங்கள் அபிமானப் பாடகர் ராஜாமணி பாடுவார் என்று அறிவித்தார். ராஜாமணிக்கு மகன் வயதிருக்கும் செந்தில் வந்து கும்பிட்டான். கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. அப்புறம் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பந்தல் பறந்துவிடும் போலிருந்தது. எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. தோளில் துண்டு போட்ட ஒருவர் மெதுவாக எழுந்து மேடையோரம் வந்தார்.

“ராஜாமணி செத்தா போயிட்டான், பாய்? நான் இங்கனதான உக்காந்திருக்கேன்.”

குரல் கரகரவென்று இருந்தது. அதில் கோபத்தைவிட வருத்தம்தான் கூடுதல். தான் பாடாத பாட்டுக்குத் தன் பேரில் கைதட்டு வாங்குவது என்ன நியாயம், ஐந்து பேர் சேர்ந்து உண்டாக்கியதை அந்த ஐந்து பேரோடு மூடிவிட வேண்டியதுதானே என்று கேட்டார். கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். செந்தில் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பாய் டிரம்ஸை விட்டு எழவில்லை. குச்சிகளை மடியில் வைத்தார்.

“நீ பேரைக் கீழ போட்டுட்டுப் போன, மாப்ள. நான் எடுத்து வச்சிருந்தேன். வேணும்னா ஏறி வந்து வாங்கிக்க.”

ராஜாமணி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு படியேறினார். அந்தக் காலத்தில் அவர் பாடிப் பேர் வாங்கிய ஒரு பழைய சோகப் பாட்டைச் சொன்னார். என் கீபோர்டில் சுதியை இறக்க ஒரு பொத்தான் உண்டு, இறக்கினேன். போதவில்லை என்று கண்ணால் சொன்னார். இன்னும் இறக்கினேன்.

பல்லவி வந்தது. கரகரப்பும் கூடவே வந்தது. ஆனால் அந்தக் கரகரப்புக்குள் ஒரு மனுஷன் இருந்தான். பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சரணத்தில் மேலே போகும் இடத்தில் குரல் கிழிந்து நின்றுவிட்டது. அவர் வாய் திறந்தபடி இருக்கிறார், சத்தம் வரவில்லை. அப்போது செந்தில் ஓர் அடி பின்னால் நின்று அந்த வரியைச் சன்னமாகப் பிடித்தான். ராஜாமணி திரும்பிப் பார்த்தார். அவர் தன் மைக்கை அவன் பக்கம் நீட்டினார். மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்தே பாடி முடித்தார்கள்.

கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ராஜாமணி பாயிடம் போய்க் குனிந்து பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“குழுவ நிப்பாட்டாத பாய். நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன். ஆனா அந்தப் பய அவன் தொண்டையிலதான பாடுறான்? அவன் பேரச் சொல்லு. எம் பேர எனக்குக் குடு.”

பாய் தலையாட்டினார். எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். முதல் தடவையாகப் பாடகர் செந்தில் என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து என் பக்கம் கையை நீட்டினார். “கீபோர்டு...” என்று இழுத்தார். முழித்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“தம்பி, உங்க பேரு என்ன?”

வருஷக்கணக்கில் கூட வாசித்தவனிடம் கேட்கிற கேள்வி இது. ஓடைப்பட்டி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பும்போது வேனில், சின்னமனூர் தாண்டியதும் பாய் சொல்ல ஆரம்பித்தார். பந்தியில் ஒருவருக்காக இலை போட்டு வைத்தால் அவர் வந்துவிடுவார் இல்லையா, அப்படித்தான் அந்த நாலு பேருக்கும் இலை போட்டு வைத்திருந்தேன், வேறு பேரைச் சொன்னால் அவர்கள் இனி வரமாட்டார்கள் என்று ஆகிவிடும் போலிருந்தது என்றார். குழுவுக்குப் புதுப் பெயர் வைக்கலாமே என்று அதுவரை நச்சரித்துக்கொண்டிருந்த செந்தில் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முல்லை ஐவர் முல்லை ஐவராகவே ஓடியது.

சில வருஷங்களில் பாயின் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. உத்தமபாளையத்தில் ஒரு கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தோம். அவர் இல்லாமல் எப்படி, விட்டுவிடலாம் என்றோம். பாய் கோபித்துக்கொண்டார். அவரே பெரியகுளத்திலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து டிரம்ஸில் உட்கார வைத்தார். அந்த ஆளின் முழுப் பெயரையும் இனிஷியலோடு மைக்கில் அறிவிக்கச் செந்திலை மனப்பாடம் செய்ய வைத்தார். பிறகு வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க, ஆட்களோடு ஆளாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். பாய் என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“இத்தன வருசமா நான் உங்க எல்லாரு முதுகத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், தம்பி. இங்கன இருந்து கேட்டா நல்லாத்தான் இருக்கு. நெசமாவே நல்லாத்தான் வாசிக்கிறீக.”

இடைவேளைக்குப் பிறகு பல இடங்களில் தப்பாக வாசித்தேன். முன்வரிசையில் அந்த முகம் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கீபோர்டைப் பார்த்து வாசிக்க யாரால் முடியும்?