ஒரே நிறப் புல்வெளி

நேர்த்திநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புது மன்னர் முடிசூடும் நாளில் ஒவ்வோர் ஊரும் தன் மண்ணில் முளைத்த புல்லை வேரோடு பெயர்த்து வந்து அரண்மனை முற்றத்தில் நடும். எந்த ஊர்ப் புல் அங்கே நிற்கிறதோ, அந்த ஊருக்குத்தான் பெரிய ஏரியின் மதகு திறக்கும். புல் இல்லையென்றால் ஊரும் இல்லை, தண்ணீரும் இல்லை. சட்டம் அவ்வளவு சுருக்கம்.

அந்தப் புல்வெளியை முப்பது வருஷமாகப் பராமரித்தவள் காத்தாயி. மேட்டூர்க்காரர்களின் அருகம்புல், கரிசல்காட்டுக் கொழுக்கட்டைப்புல் என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். வடக்கு மூலையில் அவள் பிறந்த ஓடைக்குறிச்சியின் கோரை நின்றது. அதற்கு மட்டும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றுவாள். பிறந்த ஊர்ப் பாசம், யாரைக் குறை சொல்ல?

மாமன்னர் ஏகவீரர் ஒருநாள் காலை உப்பரிகையில் நின்று கீழே பார்த்தார். முகம் சுளித்தார்.

"அமைச்சரே, இதென்ன ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி? ஓரிடம் பச்சை, ஓரிடம் பழுப்பு, ஓரிடம் முழங்கால் உயரம்!"

"மன்னர்பிரான் கண்டறிந்த பின்னரே அடியேனுக்கும் அது தெரிகிறது" என்றார் தோட்ட அமைச்சர் வித்தகசிகாமணி.

வெறுங்காலால் புல்லை மிதித்தறியாத மூவர் குழு கூடியது. மன்னர் பிறந்த ஊரின் பட்டுப்புல் ஒன்றே புல், மற்றவை களை என்று பறையறைந்து அறிவித்தார்கள். பிடுங்கும் வேலை காத்தாயிக்கு.

முதலில் மேட்டூர் அருகம்புல். அவ்வூர்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா! மதகை மூடிட்டா எங்க நாத்தெல்லாம் கருகிப்போயிரும்."

"நான் என்ன பண்ணுவேன்? மேலிடத்து உத்தரவு."

சொல்லிவிட்டுப் பிடுங்கினாள். கல்நெஞ்சக்காரி இல்லை அவள். மூலையில் கிடக்கும் கோரை யார் கண்ணிலும் படாது, தன் ஊர் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். அந்த நப்பாசையில் பதினேழு ஊர்களைப் பிடுங்கினாள். பதினேழு மதகுகள் மூடின. பிறகு அமைச்சர் நேராக மூலைக்கு வந்து நின்றார்.

"இது?"

"எங்க ஊருங்க சாமி. என் தம்பி பிள்ளைகுட்டியோட அங்கதான் இருக்கான். இதை மட்டும் விட்டுருங்க."

"உனக்கொரு நீதி, மேட்டூருக்கொரு நீதியா? சட்டத்தின் முன் எல்லாப் புல்லும் சமம். பிடுங்கு."

அவளுக்காகப் பேச ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? பிடுங்கினாள். பத்தாம் நாள் தம்பி மாசிலாமணி கோட்டை வாசலில் வந்து நின்றான்.

"கிணத்துல சேறுதான் இருக்கு. ஊரே மூட்டையக் கட்டிருச்சு. உன் கையாலயே புடுங்கிட்டியேக்கா!"

 

கோடையில், பிடுங்கிய இடமெல்லாம் நட்டிருந்த பட்டுப்புல்லுக்கு ஒரு நோய் வந்தது. எல்லாம் ஒரே இனம். எட்டே நாளில் முற்றம் முழுக்க மொட்டை. ஒரு துளிர் கூட மிஞ்சவில்லை. காத்தாயி அந்த வெறுந்தரையின் நடுவே களைக்கொத்தோடு நின்றாள். மேலே மன்னர் வந்தார். அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஆகா! இப்போதுதான் ஒரே நிறம், ஒரே உயரம்!" என்றார் மன்னர். பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆனால் நடுவில் ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது என்ன?"

அமைச்சர் எட்டிப் பார்த்தார். "களை, மன்னர்பிரானே."

காவலன் ஒருவன் இறங்கி வந்தான். அவள் கையிலிருந்த களைக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டான். காத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் என்ன பண்ணுவேன்? மேலிடத்து உத்தரவு."