குடை எடுக்காத ஜப்பான் அண்ணை

மெல்போர்னில் மூன்று வருடம் குடை இல்லாமல் வாழ்ந்து காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜப்பான் அண்ணை. காலையில் வெயில், பதினோரு மணிக்கு ஆலங்கட்டி, மத்தியானம் மறுபடியும் வெயில், சாயங்காலம் மழை என்று ஒரே நாளில் ஒரு வருடத்தைக் காட்டிவிடுகிற ஊர் இது. இங்கே நாய்க்குக்கூட மழைக்கோட்டு உண்டு. ஜப்பான் அண்ணை மட்டும் தினமும் நனைந்தார், தும்மினார், மறுநாளும் வெறும் கையை வீசிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார்.

பட்டப்பெயரை வைத்து ஏதோ நினைத்துவிட வேண்டாம். அவர் அசல் யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன். கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சிக்காக இரண்டு வருடம் ஜப்பான் போயிருந்தார். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஜுஷி என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கேதான் தங்கல். பயிற்சி முடிந்து ஊர் திரும்பினார், கல்யாணம் செய்துகொண்டார், கல்யாணமான ஐந்தாவது வாரம் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். வந்து இறங்கியது உடம்புதான். மனசு ஜுஷியிலேயே தங்கிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நான் மதுரையிலிருந்து வந்து அதே ஆபீஸில் சேர்ந்தேன். தங்க இடம் இல்லாமல் முழித்த என்னை அவர்தான் தன் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனார். மோர்டியாலொக் என்ற கடற்கரைப் பேட்டை. ஆபீஸுக்கு முக்கால் மணி நேர ரயில். "ஏண்ணே இவ்வளவு தூரத்துல வீடு?" என்று கேட்டேன்.

"ஐசே, இது ஜுஷியேதான்" என்றார். "மேற்கைப் பாத்த கடல், ஊருக்குள்ளாலை ஒரு ஆறு, கடலுக்குப் பக்கத்திலை ஸ்டேஷன். முக்கியமா, காலமை சில ரெயின் இஞ்சயிருந்துதான் வெளிக்கிடுது. ஜுஷியிலயும் அப்பிடித்தான். ஏறினா சீற் நிச்சயம்." ரெயின் என்று அவர் சொன்னது ரயிலை.

சீட் நிச்சயம் என்று நம்புகிறவர் சும்மா நின்று ஏறிவிட்டுப் போக வேண்டியதுதானே? அது எப்படி முடியும்! ஜுஷியில் ரயில் கதவு எந்த இடத்தில் திறக்குமோ அந்த இடத்தில் கோடு போட்டிருக்குமாம். சனம் அந்தக் கோட்டில் இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்குமாம். இவர் மூன்று வாரம் நோட்டும் பென்சிலுமாக நின்று, எங்கள் சிவப்பு மரப்பெட்டி ரயிலின் கதவுகள் வந்து நிற்கும் இடத்தைக் குறித்து, சராசரி கண்டுபிடித்து, மஞ்சள் சாக்பீஸால் பிளாட்பாரத்தில் கோடு போட்டார். மறுநாள் டிரைவர் அரைப் பெட்டி தள்ளி நிறுத்தினார். ஜப்பான் அண்ணை கோட்டை விட்டு நகரவில்லை. "நான் சரியாத்தான் நிக்கிறன். அவன்தான் பிழையா நிப்பாட்டிப் போட்டான்" என்றார். ரயில் போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கோட்டில் நிற்கத் தெரிந்தவருக்கு ரயிலே கோணலாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மீன் கூத்து. ஜுஷிப் பக்கத்தில் நெத்திலிக் குஞ்சு மாதிரி பொடிமீனை அவித்து, வலையில் பரப்பி, கடற்காற்றில் காயவைப்பார்களாம். எங்கள் வீட்டுப் பின்புறம் துணி காயப்போடுகிற சுற்றுக்கம்பி ஒன்று இருந்தது. அதன்மேல் பழைய கொசுவலையை விரித்து மீனைப் பரப்பினார். "கருவாடு யாழ்ப்பாணத்துல இல்லாததாண்ணே?" என்றேன். "அது வேறை, இது வேறை" என்றார். பத்து நிமிடத்தில் தெற்குக் காற்று எழும்பியது. கம்பி தேர்த் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. பொடிமீன் நாலு திசையும் பறந்தது. மோர்டியாலொக்கின் கடற்புறாக்கள் மொத்தமும் எங்கள் கொல்லையில் இறங்கின. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலே தலையை நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் படுக்கை விரிப்பில் ஒட்டிய மீனை ஒவ்வொன்றாக எடுத்து எங்களிடமே கொடுத்தாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். குடை விஷயம்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் என் குடைக்குள் வரச் சொன்னால் மாட்டேன் என்றார். பல் கிட்டுகிறது, மூக்கில் நீர் சொட்டுகிறது, அப்படியும் மாட்டேனாம்.

"ஜுஷியிலை பின்னேரம் மழை வந்தா, பெண்சாதிமார் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பினம். ஒரு குடை விரிச்சிருக்கும், மற்றது கையிலை. ரெயின் வர வர ஒவ்வொருத்தனும் தன்ரை குடையைக் கண்டுபிடிச்சு வாங்கிக்கொண்டு போவான். நான் ரெண்டு வருசம் அந்தச் சனத்துக்குள்ளாலை நனைஞ்சுகொண்டு போனனான்" என்றார்.

"அதுக்கு இப்ப நீங்க ஒரு குடை வாங்கிக்கிட்டா என்ன?"

"ஐசே, குடையோடை போறவனுக்கு ஆர் குடை கொண்டு வருவினம்?"

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் மனைவியோ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட டீச்சர். பெயர் பரமேஸ்வரி. நிலையான வேலையை விட்டுவிட்டுக் கண்காணாத தேசத்துக்கு வரமாட்டேன் என்று மூன்று வருடமாக அங்கேயே இருந்தார். இவர் மழையில் நின்று யாரை எதிர்பார்க்கிறார்?

அப்புறம் ஒருநாள் தந்தி வந்தது. பரமேஸ்வரி அக்கா வருகிறார். மூன்று மாத லீவு, கையில் திரும்பிப் போக டிக்கெட். ஊர் பிடித்தால் வேலையை ராஜினாமா செய்வார், பிடிக்காவிட்டால் ஒரே போக்கு. ஜப்பான் அண்ணை துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஐசே, ஒரு பிழை நடந்துபோச்சு" என்றார். "அவ எனக்கு ஆறு பக்கம் எழுதுவா. இந்த ஊரைப் பற்றி எழுதினா எனக்கு ரெண்டு வரிக்கு மேலை வருகுதில்லை. அதாலை... ஜுஷியை எழுதிப்போட்டன்."

"எவ்வளவு எழுதினீங்க?"

"மூண்டு வருசம்."

பச்சை மலை, மலைக்கு நடுவே சந்து சந்தாக வீடுகள், குன்றின்மேல் மணி அடிக்கிற கோயில், கடலுக்கு அக்கரையில் பனி மூடிய சிகரம், எல்லாவற்றுக்கும் மேலே மோர்டியாலொக் என்று தலைப்பு. போதாததற்குத் தொழில் சுத்தமாக ஒரு வரைபடம் வேறு. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ஆயிரம் பொய் சொன்னவர் இவர்தான். அதுவும் யாரிடம்? அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திர டீச்சர்!

அக்கா வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. இரண்டாம் நாளே வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊரை அளக்கக் கிளம்பிவிட்டார். பின்னால் நாங்கள் இருவரும், பரீட்சைத் தாள் வாங்கப்போகிற பையன்களைப் போல.

"ஸ்டேஷன் சரி. ஆறு சரி. கடலும் சரி" என்று டிக் அடித்துக்கொண்டே வந்தவர் நின்றார். "இஞ்சேருங்கோ, மலை எங்கை?"

"முகில் மூடிக் கிடக்குது" என்றார் ஜப்பான் அண்ணை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"மணி அடிக்கிற கோயில்?"

"அது... ரெயின் கேற்றிலை அடிக்கிற மணி."

நான் கெக்கலித்துவிடாமல் இருமினேன். சாயங்காலம் அண்ணை அக்காவைக் கடற்பாலத்துக்குக் கூட்டிப் போய், வளைகுடாவுக்கு அக்கரையில் மங்கலாகத் தெரிந்த யூ யாங்ஸ் குன்றுகளைக் காட்டி, அதுதான் சிகரம் என்றார். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கருங்கல் குன்று. ஆயிரம் அடி வந்தால் பெரிய காரியம். இதிலை எந்தக் காலத்திலை பனி விழுந்தது?"

"சில வருசத்திலை..." என்று இழுத்தார் அண்ணை. அக்கா வரைபடத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. டிக்கெட் குசினி அலமாரியில் சீனிப் போத்தலுக்குக் கீழே இருந்தது. ஜப்பான் அண்ணை தினமும் அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சாக்பீஸ் கோட்டில் நிற்பதைக்கூட விட்டுவிட்டார். எங்கே வேண்டுமானாலும் நின்று எப்படியோ ஏறினார். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போனபோது அக்கா என்னைக் குசினிக் கதிரையில் உட்கார வைத்தார்.

"தம்பி, எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். பள்ளிக்கூட அட்லசிலை பாத்தனான். இந்தக் கரை முழுக்கச் சமவெளி. இந்த மனுசன் ஏன் இப்பிடி எழுதுறார் எண்டு பாக்கத்தான் வந்தனான். நீங்கள் கூட இருக்கிறியள், சொல்லுங்கோ. எழுதினதிலை ஒண்டாவது உண்மையோ?"

எனக்கு மளமளவென்று பொய் வரவில்லை. அண்ணை ஏன் குடை வாங்குவதில்லை என்பதை மட்டும் சொன்னேன். ஜுஷி ஸ்டேஷன், குடை பிடித்த பெண்கள், நடுவே நனைந்துகொண்டு போன ஒரு யாழ்ப்பாணத்துப் பையன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதை ஏன் எனக்கு எழுதேல்லை?" என்றார். அக்கா எழுந்து போய் அடுப்பில் கொதித்த பருப்பைக் கிண்டினார். வெகுநேரம் கிண்டினார்.

லீவு முடிய எட்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை. ரயில் மோர்டியாலொக்கில் நிற்கும்போது வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. ஜப்பான் அண்ணை வழக்கம்போல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதினார்கள்.

எதிரே பரமேஸ்வரி அக்கா. ஒரு குடை விரித்திருந்தது. கையில் இன்னும் இரண்டு.

"ராஜினாமாக் கடிதம் போட போஸ்ட் ஒபிசுக்கு வந்தனான். மழை வந்திட்டுது. அதுதான் திரும்பிப் போய், வாங்கி வைச்ச குடையளை எடுத்துக்கொண்டு வந்தனான்" என்றார், கடைக்குப் போய்வந்த கதை சொல்வதுபோல. "இந்தாங்கோ. மலை இல்லாத ஊரிலை குடையாவது இருக்கட்டும்."

ஜப்பான் அண்ணை குடையை இரண்டு கையாலும் வாங்கினார். விரிக்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் வாங்கிய சான்றிதழ் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, சாலை முழுவதும் சிரித்துக்கொண்டே நடந்தார்.

"ஐயோ, விரியுங்கோவன்! என்ன மனுசனப்பா!" என்று அக்கா திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

மூன்றாவது குடை எனக்கு. "உங்களுக்கும்தான் தம்பி" என்று கொடுத்தார். கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி. என்னிடம் ஏற்கெனவே ஒரு குடை இருந்தது. அதைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளி மறைத்துவிட்டேன்.

அந்தக் குடையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவர்களும் கேட்கவில்லை. இப்போது நான் இருக்கிற ரோவில் பேட்டைக்கு ரயிலே கிடையாது. ஸ்டேஷன் இல்லாத ஊரில் யார் யாருக்குக் குடை கொண்டு போவது? இருந்தாலும் கார் டிக்கியில் அது எப்போதும் கிடக்கிறது. ஜப்பான் அண்ணை, எங்கேயாவது மழையில் மாட்டிக்கொண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. கொண்டு வாறன்.