ரிசீற் அண்ணையும் உருகுகிற ஐஸ்பழமும்

கனடாவில் எத்தனையோ கோபக்காரரைப் பார்த்துவிட்டேன். ஆனால் அடுத்தவனுடைய கடைவாய்ப் பல்லுக்காக மேசையில் அடித்துச் சண்டை பிடித்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ரிசீற் அண்ணை.

ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் நான் பதினொரு வருடம் வேலை செய்தேன். எனக்கு முன்பே அங்கே பெட்டி வெட்டும் மெஷினில் நின்றவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் இரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு ரிசீற், காசு கட்டிய பற்றுச்சீட்டு, இருக்கும். "எப்பிடி இருக்கிறாய்?" என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "பலன்ஸ் எவ்வளவு வைச்சிருக்கிறாய்?" என்பார். பதில் சொல்லுமுன் ஏசத் தொடங்கிவிடுவார்.

பலன்ஸ் என்றது ஹெல்த் அக்கவுண்ட் பலன்ஸை. ஒரு வருடம் கம்பனி எங்கள் எல்லோருக்கும் அப்படியொன்றைத் திறந்தது. ஒவ்வொரு ஜனவரியும் ஆளுக்கு ஒரு தொகை அதில் விழும். காசு கம்பனியுடையது, நமக்கு வரியும் இல்லை. பல்லுக்கோ கண்ணாடிக்கோ, பதிவு செய்த ஆளிடம் போய்ச் செய்த மசாஜுக்கோ முதலில் நாமே கட்டிவிட்டு ரிசீற்றை அனுப்பினால், கட்டிய காசு திரும்பி வரும். மனைவி பிள்ளைகளுக்கும் எடுக்கலாம். இதையெல்லாம் விளக்கி இருபது பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் தந்தார்கள். நாங்கள் அட்டையைப் பார்த்தோம், அக்கவுண்ட் என்று போட்டிருந்தது, அது போதும் என்று மூடி வைத்துவிட்டோம்.

எங்கள் ஆட்களுக்குச் சீட்டுப் புத்தி. ஏலச்சீட்டில் அவசரப்பட்டு முதலில் எடுக்கிறவன் கழிவு கொடுத்து நட்டப்படுவான். பொறுத்திருந்து கடைசியில் எடுக்கிறவன் முழுக் காசோடு வீட்டுக்குப் போவான். இந்தப் பாலபாடத்தை அப்படியே கொண்டுவந்து ஹெல்த் அக்கவுண்டில் பொருத்தினோம். பல் வலித்தவன் கராம்பு கடித்தான். கண் மங்கியவன் கையை எட்டுமட்டும் நீட்டி வைத்துப் பேப்பர் படித்தான். முந்துகிறவன் மடையன் என்று எல்லோரும் கெட்டித்தனமாகக் காத்திருந்தோம்.

ரிசீற் அண்ணை மட்டும் அந்தப் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். படித்து முடித்த அன்றே லஞ்ச் றூமில் ஒரு கதிரையில் ஏறி நின்றார்.

"மோட்டுச் சனங்களே, உது சீட்டில்லை, வைச்சிருந்தால் உருகிற ஐஸ்பழம்! இந்த வருசக் காசை அடுத்த வருசம் முடியிறதுக்கிடையிலை எடுக்கோணும். எடுக்காட்டிக் கம்பனி திருப்பி எடுத்துப்போடும். பிறகு குச்சியைத்தான் நக்குவியள்!"

"கிடந்தால் வளரும்தானே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னும் கொஞ்சம் ஏச்சுத்தான் வரும். அன்றைக்கும் அதுதான் வந்தது. அதுவும் அவருடைய தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை. ஒருவனுடைய மூலவியாதிக்கு என்ன கிறீம் எடுக்கலாம் என்று அவர் இரகசியமாகச் சொன்னால், பார்க்கிங்கில் நிற்கிறவனும் குறித்துக்கொள்ளலாம்.

ஒருநாள் றிச்மண்ட் ஹில் கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நிற்கிறேன். என் மகளைப் பார்க்கப் பிக்கரிங்கில் இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் மிகவும் அடக்கமான ஒரு தகப்பனாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வரிசையின் மறு அந்தத்தில் இருந்து வந்தது அந்தக் குரல்.

"டேய்! உன்ரை சூத்தைப் பல்லை இன்னும் புடுங்கேல்லையோ? மனிசிக்குக் கண்ணாடியும் எடுக்கேல்லையாம்! காசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சாகப்போறியோ?"

மாப்பிள்ளையின் தாயார் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். வாயைத் திறக்காமல் பொங்கல் சாப்பிடுவது எப்படி என்று அன்றுதான் பழகினேன். சம்பந்தம் சரிவந்தது வேறு விசயம். அண்ணையைக் கழுத்தை நெரிக்கலாமா என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

இரண்டாவது வருடமும் முடிந்தது. ஜனவரியில் பார்த்தால் என் முதல் வருடக் காசைக் காணவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். தேன் குரலில் ஒரு பெண், அந்தத் தொகை காலாவதியாகிவிட்டது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. பத்து நிமிடம் பிந்தி வந்தால் மூன்று கடிதம் அனுப்பத் தெரிந்த கம்பனிக்கு, உன் காசு முடியப்போகிறது என்று ஒரு வரி எழுதக் கை வராதா? சத்தம் போடாமல் தருவதும் சத்தம் போடாமல் எடுப்பதும் என்ன நியாயம்?

லஞ்ச் றூமில் ரிசீற் அண்ணை மேசை அதிர அடித்தார். "சொன்னனான்! தலையிலை அடிச்சுச் சொன்னனான்!"

அன்றே போய் மனைவிக்கும் மகளுக்கும் கண்ணாடி எடுத்தேன். பல்லுக்கு மட்டும் போகவில்லை. அவர் சொன்னதே நடந்துவிட்ட வெட்கத்தில் அண்ணையோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில்தான் அது நடந்தது. பாரம் தூக்கும் எங்கள் ஃபோர்க்லிப்ற் வண்டியை ஓட்டுகிறவள் மன்னார்ப் பிள்ளை ஜெனிற்றா. பின்பக்கமாக வந்துகொண்டிருந்தவள் ஹோர்ன் அடித்தாள். நாங்கள் எல்லோரும் திரும்பினோம், அண்ணை திரும்பவில்லை. மறுபடியும் அடித்தாள். அவர் பாட்டுக்கு நடுவழியில் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு முழ இடைவெளியில் பிறேக் பிடித்துவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"ஏன் ஹோர்ன் அடிக்கேல்லை?" என்று அண்ணையிடம் இருந்து அவளுக்கே ஏச்சு விழுந்தது.

"ரெண்டு தரம் அடிச்சனான் அண்ணை," என்றாள் அவள், அழுகை முட்ட.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. இத்தனை வருடமும் இந்த மனிதர் கோபத்தில் கத்தவில்லை. காது கேட்காமல் கத்தியிருக்கிறார். சூப்பவைசருக்கும் விளங்கிவிட்டது. காதைச் சோதித்து ஒரு மாதத்துக்குள் கடிதம் கொண்டு வராவிட்டால் மெஷினில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணை அசையவில்லை. "என்ரை காது நல்லாக் கேக்குது. சனம்தான் இப்ப வாய்க்குள்ளை கதைக்குது," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கிழமை அப்படியே போனது.

அவருடைய புத்தகம் லஞ்ச் றூம் மேசையில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, எண்ணெய்க் கறை, மடித்த மூலை. காது மெஷின் பற்றிய பதினாலாம் பக்கம் மட்டும் அச்சகத்தில் இருந்து வந்தபடி சுத்தமாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் கதிரையில் ஏறினேன்.

"அண்ணை! ஐஸ்பழம் உருகுது! டிசம்பர் முடிய இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. பல்லெல்லாம் கட்டி முடிச்சிட்டன், இனிச் செலவழிக்க நோய் நொடி ஒண்டுமில்லை எண்டு போன வருச மிச்சத்தையும் இந்த வருச முழுக் காசையும் வைச்சிருக்கிறியள். எங்களுக்கெல்லாம் கோடு போட்டுக் காட்டினனீங்கள், உந்தப் பக்கத்திலை மட்டும் ஏன் போடேல்லை?"

நான் கத்திய கத்தில் அவருக்குக் கேட்டது. முதன்முறையாக அவர் மெதுவாகக் கதைத்தார்.

"காதிலை மெஷின் மாட்டினால் கிழவன் எண்டு கலைச்சுப்போடுவாங்களடா."

என் கோபம் அப்போது யாரில் திரும்பியது என்று சொல்லட்டுமா? எல்லோரிலும்தான். முப்பது வருடம் அந்த வெட்டு மெஷின் அவருடைய காதைத் தின்றது. அந்தக் காதுக்கு மருந்துக் காசையும் ஒரு கையால் கொடுத்துவிட்டு, வயது போனதைக் காட்டினால் வேலை போய்விடும் என்று மனிதரை நடுங்க வைத்திருக்கிற இந்த வேலைத்தலங்களில் கோபம். ஊரிலுள்ளவன் வாயையெல்லாம் திறந்து பார்த்துவிட்டுத் தன் காதை ஒளித்து வைத்த இந்த மனிசனிலும் கோபம். அவரை இத்தனை வருடமும் விசர், பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டுச் சோறு தின்ற எங்களில் அதைவிடக் கோபம்.

"கலைச்சால் எல்லாருமாப் போய்க் கேப்பம். இப்ப ஜக்கெற்றைப் போடுங்கோ," என்றேன்.

காது கிளினிக்குக்குப் போகும் வழியில் ஒவ்வொரு சிவப்பு லைற்றுக்கும் ஏச்சு விழுந்தது. சோதித்து, அளவெடுத்து, மெஷின் வந்து சேர இரண்டு கிழமை எடுத்தது. மாகாண அரசாங்கம் ஒரு பங்கு கொடுத்தது, மிச்சத்துக்கு ஹெல்த் அக்கவுண்ட். கிளினிக்கில் இருந்த பிள்ளை மெஷினை அவருடைய காதில் மாட்டிவிட்டு, டிசம்பர்த் திகதி போட்ட ரிசீற்றை நீட்டினாள். அண்ணை வழக்கம்போல மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனவர் திடுக்கிட்டு நின்றார்.

"உது என்ன சத்தம்?"

"ரிசீற்தான் அண்ணை."

விரித்தார். மடித்தார். காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் விரித்தார். "இவ்வளவு காலமும் உது சத்தம் போட்டதோ?" என்று கேட்டார்.

கடிதம் கொடுத்தார், வெட்டு மெஷின் அவரிடமே இருந்தது. ஜெனிற்றாவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கிழமையே, பின் மேசையில் ஒருவன் "விசர் வந்திட்டுது" என்று வழமைபோல முணுமுணுத்தான். அண்ணை திரும்பி, "எத்தினை வருசமா உப்பிடிச் சொல்லுறாய்?" என்று கேட்டார். அதுதான் அவருக்கு உண்மையாகக் கோபம் வந்த முதல் நாள். அதற்கு முன்னம் நாங்கள் கேட்டதெல்லாம் வெறும் சத்தம்.

ஆனால் ஒரு நட்டம் வந்தது. தன் குரல் தனக்கே இடியாகக் கேட்டதில் அவர் பூனைபோலக் கதைக்கத் தொடங்கிவிட்டார். "தம்பி, பலன்ஸ் ஏதும் இருக்கோ?" என்று பக்குவமாகக் கேட்பார். ஒருவனும் காதில் போடவில்லை. அடுத்த நவம்பரில் லஞ்ச் றூமெல்லாம் பழையபடி கராம்பு மணந்தது. அதில் பாதி மணம் என்னுடையது. உண்மையைச் சொன்னால், எனக்குக் காசு ஆசை ஒன்றுமில்லை, பல் புடுங்கப் பயம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். "அண்ணை, காதிலை இருக்கிறதைக் கழட்டி வைச்சிட்டு என்னை ஒருக்கா ஏசுங்கோ."

அவர் இரண்டு காதிலும் இருந்ததைக் கழற்றிப் பக்குவமாகச் சட்டைப் பையில் ரிசீற் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"வாயைத் திறவடா, மோட்டுக் கழுதை!"

அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது. நான் வாயை நன்றாகத் திறந்தேன்.